யார் குறைத்த இடுப்பு

தினமும் காலை ஐந்தேகாலுக்கு ஹெலன் ஓட ஆரம்பிப்பாள். பத்தடி பின்னால், முதல் கியரில், அவள் கணவன் தாவீது பைக்கில் வருவான்.

படூரில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியிலிருந்து கேளம்பாக்கம் சந்திப்பு வரை போய்த் திரும்ப வேண்டும். அது அவன் போட்ட விதி. மூச்சு வாங்கி அவள் நடக்கத் தொடங்கினால் ஹாரன் அடிப்பான்.

"நிக்காத, நிக்காத. கொழுப்பு கரையற நேரத்துல நின்னுட்டா எல்லாம் வேஸ்ட்டு."

ஷேர் ஆட்டோவுக்காகக் காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். டீக்கடையில் முதல் வாரம் சிரித்தார்கள், அப்புறம் பழகிப்போனார்கள். ஹெலனுக்குத்தான் பழகவில்லை. அந்த ஹாரன் ஒவ்வொரு நாளும் முதுகில் கல் விழுந்ததுபோல் விழும்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். நாள் முழுக்க நின்றபடி வேலை. தாவீது, ஐடி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கேப் நிறுவனம் ஒன்றில் சூப்பர்வைசர். நாள் முழுக்க உட்கார்ந்தபடி வேலை. பைக் ஓட்டும்போது அவன் தொப்பை பெட்ரோல் டேங்க்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

பேசியதெல்லாம் ஹெலனின் வயிற்றைப் பற்றித்தான். தாவீதின் அண்ணன் பெஞ்சமின் அச்சரப்பாக்கத்தில் புது வீடு கட்டி, பாஸ்டரை அழைத்து ஜெபம் வைத்திருந்தார். பந்தியில் பிரியாணி பரிமாறிக்கொண்டு வந்த செங்கம்மாள், தாவீதின் அக்கா, ஹெலனின் இலையருகே நின்றாள்.

"இன்னாடி ஹெலனு, எங்க தம்பி சம்பாரிக்கிறத பூரா நீயே துன்னுட்றியா? அவன் பக்கத்துல நின்னா அவனுக்கு அக்கா மாரி கீற."

பந்தியே சிரித்தது. தாவீதும் சிரித்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னான்: "நாளைலேர்ந்து ஓடுற."

ஏன் தலையாட்டினோம் என்று ஹெலன் பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. வேறு காரணம் தோன்றவில்லை.

ஐந்து மாதம் ஓடினாள். காலையில் ஒரு டம்ளர் கஞ்சி, ராத்திரியும் கஞ்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும் முன் ஹாலில் எடை மெஷினை வைத்து ஏறச் சொல்வான். எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, கடைசியில் அறுபத்துமூன்று. முகம் ஒட்டிப்போனது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஒருநாள் லேபில் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தவள் தொட்டிமேலேயே சாய்ந்து விழுந்தாள். ஆனால் வயிறு மட்டும் பழைய இடத்தில், பழைய மாதிரியே, தொளதொளவென்று இருந்தது. கையும் காலும் குச்சியாகி, நடுவில் வயிறு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

தாவீது அவளைச் சுற்றி வந்து பார்த்தான். "வயிறு அப்டியே கீது. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் சேத்துக்கோ."

சேர்த்துக்கொண்டதில் வலது முட்டி வீங்கியது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு மாதம் ஓடக் கூடாது, தொடைத் தசைக்கு வலுவே இல்லை, முதலில் அதை ஏற்றுங்கள் என்றார். அப்படித்தான் ஹெலன் கேளம்பாக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த ஜிம்முக்குப் போனாள். முதலாளி பார்த்திபன், கழுத்து தெரியாத அளவுக்குத் தோள் வளர்த்த ஆள். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கு. அதைப் பார்த்துக்கொண்டவள் பிரபா. இருபத்தேழு வயது, பளுதூக்குதலில் மாவட்ட அளவில் மெடல் வாங்கியவள், அளந்து பேசுகிறவள்.

ஹெலன் உள்ளே நுழைந்ததுமே டிரெட்மில்லைப் பார்த்து நடந்தாள். பிரபா கையை நீட்டி மறித்தாள்.

"அக்கா, அது அப்பறம். மொதல்ல இந்த ஸ்டூல்ல குந்தி, கைய ஊனாம எழுந்திரிங்க."

நான்காவது தடவை ஹெலனால் எழ முடியவில்லை.

"இன்னா சாப்புடுறீங்க?"

சொன்னாள். பிரபாவின் முகம் சுருங்கியது. "ஓடுறது தப்பில்லக்கா. நெஞ்சுக்கு நல்லது, மூச்சுக்கு நல்லது. ஆனா கஞ்சிய குடிச்சிட்டு ஓடிகினே இருந்தா ஒடம்பு கொழுப்ப மட்டும் எடுக்காது, சதையையும் சேத்து துன்னும். சதை போயிட்டா ஒடம்புக்கு உருவம் எங்கேர்ந்து வரும்? வயித்த மட்டும் தனியா கரைக்கிற ஓட்டமும் கெடையாது, மெஷினும் கெடையாது. முட்ட துன்னுங்க. சுண்டல் துன்னுங்க. வாரத்துல மூணு நாளு என்கூட தூக்குங்க. மீதி நாளு முட்டி வலிக்காம வேகமா நடங்க."

முதல் நாள் இரண்டு கையிலும் இரண்டு கிலோ. மூன்றாம் மாதம் தரையிலிருந்து நாற்பது கிலோ. பாரைப் பிடித்து, முதுகை நிமிர்த்தி, குதிகாலைத் தரையில் அழுத்தி எழுகிற அந்த நொடியில் ஹெலனுக்குத் தலைக்குள் சத்தமே இருக்காது. மற்ற நேரமெல்லாம் இருந்த எரிச்சல் அங்கே மட்டும் இருக்காது.

தாவீதுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளைக்கு வெயிட்டு எதுக்கு? நாளைக்கே தோளு வந்து ஆம்பள மாரி ஆயிடுவ. இந்தக் கண்ராவிய நான் பாக்கணுமா?" முட்டி சரியானதும் காலையில் மறுபடி கிளப்பினான். அவள் ஓடவில்லை, நடந்தாள். அவன் பைக் அணையும் அளவுக்கு மெதுவாகப் பின்னால் வந்தான்.

ஒரு ஞாயிறு மெஷின் அறுபத்தைந்து காட்டியது.

"ரெண்டு கிலோ ஏறிக்கீது! சொன்னேனா இல்லியா? ஜிம்மாம் ஜிம்மு!"

"ஜாக்கெட்டு பூரா லூசாயிப் போச்சி. டெய்லர்கிட்ட பிடிக்க குடுத்துக்கீறேன். இடுப்பு நாலு இஞ்சு கொறஞ்சிருக்குன்னு பிரபா அளந்து சொல்லிச்சி."

"மிஷினு பொய் சொல்லுமா?"

"சதைக்கும் எடை இருக்குங்க."

"எனக்கே கத்துக் குடுக்கிறியா?"

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே மகள் மார்கரெட் அறையிலிருந்து வந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கிற பெண். யாரும் கேட்காமலேயே மெஷினில் ஏறி, எண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கி உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நாளாக அந்தப் பெண் "டியூஷன்ல துன்னுட்டேன்" என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டிக்கழிப்பது அப்போதுதான் ஹெலனுக்கு உறைத்தது. மெஷினைத் தூக்கினாள், மூன்று மாடி இறங்கிப் போய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள். தாவீது பால்கனியிலிருந்து கத்தியதைக் காதில் வாங்கவில்லை.

ஓட ஆரம்பித்துப் பத்து மாதம் ஆனபோது பெஞ்சமினின் மகளுக்கு நிச்சயம். மாமல்லபுரத்துக் கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டில், புல்வெளியில் பந்தல். ஹெலன் கருநீலப் பட்டு கட்டியிருந்தாள். நிமிர்ந்து நடந்தாள். அவள் வந்ததும் நாற்காலிகள் திரும்பின.

செங்கம்மாள் வாயில் கையை வைத்தாள். "யம்மா! கல்யாணப் பொண்ணே நீதான் போலக்கீதே!"

தாவீது கழுத்துப் பட்டனைத் தளர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "எல்லாம் நம்ம ட்ரெயினிங்க்கா. டெய்லி காத்தால ஓட்டிகினு போவேன். வுடவே மாட்டேன்."

ஓட்டிகினு. மாட்டை ஓட்டுவதுபோல. ஹெலன் பல்லைக் கடித்தாள். நிச்சய வீடு, பேசக் கூடாது.

சாப்பிட்டுக் கைகழுவும் இடத்தில் ஒரு பெண் அவள் முழங்கையைத் தட்டினாள். பெஞ்சமினின் மனைவியின் தங்கை. மதுராந்தகத்தில் இருப்பவள். படூர்ப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை.

"அக்கா, சூப்பர்க்கா. அந்த மஞ்ச டீ-ஷர்ட்டு போட்டுகினு ஓடுனீங்களே, பாவமா இருந்துச்சு. பின்னால பூரா வேர்த்து ஒட்டிகினு. நாங்கல்லாம் அன்னிக்குச் சிரிச்சோம், இன்னிக்கு நீங்க எங்கள பாத்து சிரிக்கணும்."

ஹெலனின் கை குழாய்க்கடியிலேயே நின்றது. "எந்த மஞ்ச டீ-ஷர்ட்டு? நீ எங்க பாத்த?"

அந்தப் பெண் விழித்தாள். "குரூப்லதாங்கா. தாவீது அண்ணன் வாரா வாரம் போடுவாரே. எங்க அக்கா போன்ல பாப்போம்."

அது தாவீதின் அண்ணன், அக்கா, பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் இருக்கும் வாட்ஸப் குரூப். ஹெலன் அதில் இல்லை. மார்கரெட் இருந்தாள். ஹெலன் மகளைப் பந்தலுக்குப் பின்னால், சவுக்கு மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போனைத் திறக்கச் சொன்னாள்.

முப்பதுக்கு மேல் வீடியோ. எல்லாமே பின்னாலிருந்து எடுத்தவை. பைக்கில் வந்தபடி ஒரு கையால் எடுத்திருக்கிறான், படம் குலுங்கிக்கொண்டே இருந்தது. பெரிய இடுப்பு, ஒட்டிய உடை, முட்டி வலியில் சாய்ந்து சாய்ந்து ஓடுகிற, பிறகு நடக்கிற ஒருத்தி. 'வாரம் 3.' 'வாரம் 9, இன்னும் டயர் இறங்கல.' அதற்குக் கீழே சிரிக்கும் பொம்மைகள், வரிசை வரிசையாக. பெஞ்சமின்கூட ஒன்று போட்டிருந்தார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேம்மா."

"ஏண்டி சொல்லல?"

மார்கரெட்டின் குரல் உடைந்தது. "உங்கிட்ட சொல்லிட்டுத்தான் அப்பா எடுக்கிறாருன்னு நெனச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்து என்னைய எடுப்பாரோன்னு பயமா இருந்துச்சி."

அலைச்சத்தம் காதை அடைத்தது. ஹெலன் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எலும்புதான் கையில் கிடைத்தது.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். கதவைச் சாத்தியதும் ஹெலன் கேட்டாள். தாவீதுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"பெருமையாத்தான போட்டேன்? நீ எப்டி இருந்த, எப்டி ஆன, எல்லாரும் பாக்க வேணாமா? புருஷன் எடுத்தா இன்னா தப்பு?"

"அழிங்க. எல்லாத்தையும்."

"சரி, அழிச்சிட்றேன். சும்மா பேஜாரு பண்ணாத."

அவன் போனை நோண்டினான், "அழிச்சாச்சு" என்றான். அவளுக்கு அன்றைக்கு மேலே பேச உடம்பில் தெம்பு இல்லை.

இரண்டு நாள் கழித்து, கல்லூரி முடிந்து கேளம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஹார்டுவேர் கடைக்கு முன்னால் கூட்டம். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜிம் படிக்கட்டுக் கம்பியில் பத்தடி உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். இடது பக்கம், மஞ்சள் டீ-ஷர்ட்டில் அவள் முதுகும் பின்புறமும். வலது பக்கம், நிச்சயத்தில் கருநீலப் பட்டில் அவள். நடுவில் பெரிய எழுத்து: 'ஓடாதீர்கள்! தூக்குங்கள்! வெறும் வெயிட் ட்ரெயினிங்கில் ஹெலன்!' கீழே பார்த்திபன் கையை மடக்கிக்கொண்டு நிற்கும் படம்.

ஃப்ளெக்ஸுக்கு அடியில் பார்த்திபனும் தாவீதும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"போட்டோ குடுத்தது நானு. 'கணவர் தாவீதின் கார்டியோ பயிற்சியுடன்'னு ஒரு லைன் போடுன்னு சொன்னேனா இல்லியா? எங்க அந்த லைனு?"

"சார், அந்த லைன போட்டா எவன் சார் ஜிம்முக்கு வருவான்? எல்லாரும் ரோட்டுக்குப் போயிடுவாங்க."

"அஞ்சு மாசம், டெய்லி எட்டு கிலோமீட்டர் ஓட வெச்சது யாரு? நீயா?"

"ஓட்டத்துல எடை போச்சு, ஒத்துக்கிறேன். ஷேப்பு எங்க வந்துச்சி? எங்க ஜிம்முல. கார்டியோ எலும்பும் தோலுமா ஆக்கும். இடுப்ப செதுக்குறது வெயிட்டு."

"செதுக்குறியா? மகாபலிபுரத்துல கல்லு செதுக்குற மாரியா? ஓடாம இருந்தா அந்த வயிறு கொறஞ்சிருக்குமா?"

ஆணி வாங்க வந்த ஒருவர் தலையை நீட்டினார். "எங்க மச்சானும் ஓடித்தாங்க கொறஞ்சான்." பக்கத்தில் ஹெல்மெட்டோடு நின்றவர், "அதெல்லாம் திரும்ப ஏறிடும் அண்ணாத்த, வெயிட்டுதான் நிக்கும்" என்றார். நான்கைந்து பேர் ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்து, இடது பக்கத்து இடுப்பையும் வலது பக்கத்து இடுப்பையும் ஒப்பிட்டு யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடுப்புக்குச் சொந்தக்காரி அவர்களுக்கு நடுவில் கைப்பையோடு நிற்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

"எறக்கு," என்றாள் ஹெலன். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "எறக்குய்யா அத!"

பார்த்திபன் திரும்பினான். "மேடம், நாலு லேடீஸுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கட்டுமேன்னு..."

"என்னைக் கேட்டியா?"

"சார்கிட்ட கேட்டேனே மேடம்."

"சாரு இடுப்பா அது?"

யாரோ சிரித்தார்கள். தாவீது அவள் கையைப் பிடித்தான். "ஏய், ரோட்ல கத்தாத. வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்."

பதினேழு வருடக் கல்யாணத்தில் அவனை அவள் ஒருமையில் அழைத்ததில்லை. கையை உதறினாள்.

"ரோட்லதான கத்துவேன்? நீ என்னைய ரோட்லதான ஓட வுட்ட? அழிச்சிட்டேன்னு சொல்லிட்டு இவங்கிட்ட குடுத்துக்கீற. பின்னாலயே வந்து எடுத்து, ஊரு பூரா காட்டி சிரிச்சிக்கீற. எவனோ எடுத்திருந்தா போலீசுக்குப் போயிருப்பேன். எடுத்தவன் என் வூட்லயே குந்திகினு சோறு துன்றான், நான் எங்க போவேன்?"

"பெருமைக்குத்தான..."

"வேர்த்தது உனக்கா? முட்டி வீங்குனது உனக்கா? லேப்ல மயங்கி வுழுந்தது நீயா? பைக்கு மேல குந்திகினு வந்தவன் ஓட வெச்சானாம்! இவரு செதுக்குனாராம்!" பார்த்திபன் பக்கம் திரும்பினாள். "நான் பாரத் தூக்கும்போது நீ எங்கய்யா இருந்த? ஒருநாளாச்சும் வந்து பாத்தியா? சொல்லிக் குடுத்தது பிரபா. அதும் பேரயாவது போட்டியா? ஓட்டமா வெயிட்டான்னு நீங்க ரெண்டு பேரும் வேற எங்கயாச்சும் போயி அடிச்சிக்குங்க. என் ஒடம்ப வெச்சி அடிச்சிக்காதீங்க."

ஹெல்மெட்காரர் மெதுவாக வண்டியை நோக்கி நகர்ந்தார்.

அப்போது மேலே படிக்கட்டில் பிரபா தெரிந்தாள். கையில் பேப்பர் வெட்டும் கத்தி. யாரையும் பார்க்காமல் குனிந்து கயிற்றை அறுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஃப்ளெக்ஸ் சரிந்து கீழே நின்ற பைக்குகள்மேல் விழுந்தது.

"பிரபா! நாளைக்கு வேலைக்கு வராத!" பார்த்திபன் கத்தினான்.

"சரி சார்," என்றாள் பிரபா. ஹெலனோடு சேர்ந்து ஃப்ளெக்ஸை மடித்தாள்.

பிரபாவை நிறுத்தியது தெரிந்து, மறுநாள் சாயங்கால வகுப்புக்கு ஒரு பெண்கூட வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நாலாம் நாள் பார்த்திபன் பிரபாவுக்குப் போன் செய்து, "பழசெல்லாம் மறந்துடும்மா" என்றான். கேட்காமல் யார் படத்தையும் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால் வருகிறேன் என்றாள் அவள். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு எழுதிக் கொடுத்தான்.

ஃப்ளெக்ஸ் இறங்கிய ராத்திரியே, வீட்டில் தாவீதிடம் ஹெலன் போனைக் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வீடியோவையும் தன் கையால் அழித்தாள். ஒன்றை மட்டும் முழுதாகப் பார்த்தாள். அதில் ஓடுகிறவள் யாரிடமிருந்தோ தப்பித்து ஓடுகிறவள்போல் இருந்தாள். அதையும் அழித்துவிட்டுப் போனை அவன் மடியில் போட்டாள்.

"குரூப்ல எழுது."

"இன்னான்னு?"

"பண்ணது இன்னான்னு உனக்குத் தெரியும்."

அவன் வெகுநேரம் தட்டித் தட்டி ஒரு வரி எழுதிக் காட்டினான்: 'ஹெலன் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.'

"பட்டிருந்தாலா? அழிச்சிட்டு எழுது."

இரண்டாவது: 'தெரியாமல் நடந்த தவறு.'

"முப்பது வாரம் தெரியாமலா நடந்துச்சி?"

மார்கரெட் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாவீது மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூன்றாவது தடவை எழுத நேரமானது. 'ஹெலனைக் கேட்காமல் எடுத்தேன். எல்லாரும் சிரிப்பதற்காகப் போட்டேன். அது தப்பு. அவள் உடம்பு இறங்கியதில் என் வேலை எதுவும் இல்லை.' அனுப்பினான். யாரும் பதில் போடவில்லை. செங்கம்மாள் மட்டும் தாவீதைக் கூப்பிட்டு, "பொண்டாட்டிக்கு இப்டி பயந்துட்டியேடா" என்றாள். அவன் போனை வைத்துவிட்டான்.

மார்கரெட் அன்றைக்கு அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். "என்னையும் பிரபா அக்காகிட்ட கூட்டினு போறியா? இடுப்பு கொறைய வேணாம். சும்மா தூக்கத்தான்."

"மொதல்ல குந்தி சோறு துன்னு. ரெண்டு முட்ட வெச்சிக்கீறேன்."

அந்தப் பெண் சாப்பிட்டு முடிக்கும்வரை ஹெலன் எதிரிலேயே நின்றாள்.

மூன்று வாரம் போனது. தாவீது ஹாலில் படுத்தான், தன் தட்டைத் தானே கழுவினான், தேவைக்கு மட்டும் பேசினான். ஒருநாள் காலை, அவள் கல்லூரிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றான்.

"இன்னும் கோவம் போவலியா?"

ஹெலன் யோசித்தாள். அவனைப் பார்க்கும்போது வருகிற அந்தக் கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

"போவல," என்றாள். "எப்ப போவும்னு எனக்கே தெரியல. அதுவரைக்கும் கேக்காத."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஏழேமுக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.